கறி முதலில், கொம்பு கடைசியில்

வேட்டைக் கறி வெட்டிக் கொடுக்கும் என் கடைக்கு வரும் கறியைப் பார்த்தாலே அதை எப்படிப்பட்ட ஆள் தூக்கி வந்தான் என்று சொல்லிவிடுவேன். துணிப்பையில் சேறும் இலையும் அப்பியிருந்தால் தூக்க முடியாமல் தரையில் இழுத்து வந்திருக்கிறான். எலும்போரம் புளித்த வாடை அடித்தால், கொம்பைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டே கறியை வெயிலில் விட்டிருக்கிறான். ஹார்லன் தூக்கி வந்த கறி இரண்டிலும் சேராது. மேலே காய்ந்து, உள்ளே குளிர்ந்து, ஒரு ரோமம்கூட ஒட்டாமல் வந்து சேரும். வெட்டும்போது எனக்கு வேலையே இருக்காது.

ஹார்லன் ப்ரூகர் என் அக்கா ஐலீனின் கணவர். அலாஸ்காவில் ஒரு கோடைக்கு மீன் பிடித்துவிட்டுத் திரும்பிப் போகலாம் என்று மின்னசோட்டாவிலிருந்து வந்தவர், அக்காவைப் பார்த்ததும் எங்கள் ஊர் ஃபிஷர் லேண்டிங்கிலேயே தங்கிவிட்டார். குளிர்காலத்தில் தெருவில் பனி தள்ளுவார். கோடையில் படகு எஞ்சின் பிரிப்பார். செப்டம்பர் பிறந்தால் ஒரே வேலைதான். வெளியூர்ப் பணக்காரர்கள் சுட்ட மூஸைக் காட்டிலிருந்து ஆற்றங்கரைக்கு முதுகில் தூக்கி வருவது.

மூஸ் என்றால் சாதாரண மான் இல்லை, குதிரையைவிட உயரமான உருப்படி. அதைச் சுட ஒரு விரல் போதும். சுட்ட பிறகுதான் கூத்து ஆரம்பிக்கும். கால்களை எலும்போடு அறுத்துத் துணிப்பையில் போட்டு, முதுகில் மாட்டும் ஃபிரேம் என்கிற சுமைச் சட்டத்தில் கட்டி, இடுப்பளவு புதரிலும் முழங்கால் அளவு சதுப்பிலும் நடந்து கொண்டுவர வேண்டும். ஒரு பின்னந்தொடை ஒரு ஆள் கனம் இருக்கும். எங்கள் ஊர்ச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. கறி முழுவதும் கரைக்கு வந்த பிறகுதான் கொம்பு வரலாம். கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு ஓடிப்போன புண்ணியவான்கள் நிறையப் பேர் இருந்ததால் வந்த சட்டம் அது. ஹார்லனுக்கு அதைச் சட்டம் போட்டுச் சொல்லவேண்டியதில்லை.

வீட்டுக்காக அவர் சுடுவதெல்லாம் சின்னக் கொம்புள்ள இளம் மூஸ்தான், அதுவும் ஆற்றங்கரையில். "சுடறதுக்கு முன்னாடி திரும்பிப் பாரு. ஆறு தெரியலன்னா துப்பாக்கியை இறக்கு" என்பார். தூரத்தில் சுட்டுவிட்டுத் திருதிருவென்று முழிப்பவனைவிடக் கேவலமான ஆள் அவர் அகராதியில் கிடையாது. இத்தனைக்கும் வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்ட ஆட்களின் கறியைத்தான் தூக்கினார். கழுத்துக்கு இரண்டு பக்கமும் பட்டை பதிந்த பள்ளம் உண்டு. அக்கா அதில் விரலை வைத்து, "இதுல உப்பு, இதுல மிளகு வச்சுக்கலாம்" என்று கேலி செய்வாள்.

அக்கா போய்ச் சேர்ந்தபிறகு ஹார்லனுக்கு மிச்சம் மகன் கர்ட்டிஸ் ஒருவன்தான். அவன் வேட்டை வழிகாட்டி ஆனான். தண்ணீரில் இறங்கும் மிதவை விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்கினான். செப்டம்பர் முழுக்க வாடிக்கையாளர்களோடு பறந்துகொண்டிருப்பான், அப்பாவோடு வேட்டைக்குப் போக நேரம் ஏது? ஹார்லனுக்கு முழங்கால் கெட்டு, சுமை தூக்குவதை விட்டாயிற்று. அக்கம்பக்கத்தார் கொடுக்கும் கறியை வாங்கிக்கொள்வார். வாங்கும்போது தலை குனிந்திருக்கும். எனக்குப் பார்க்கப் பொறுக்காது.

அந்த ஆகஸ்டில் கர்ட்டிஸ் திடீரென்று, "இந்த வருஷம் நாம ரெண்டு பேர் மட்டும் போவோம்ப்பா, வீட்டுக் கறிக்கு" என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். தபால் ஆபீசில் சொன்னார், பெட்ரோல் போடுமிடத்தில் சொன்னார், என்னிடம் வந்து வந்து சொன்னார். முதல் தடவை கேட்பதுபோலவே ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் பார்த்து நாளாகியிருந்தது.

அப்பாவும் மகனுமாகப் புது ஃபிரேம் வாங்க என் கடைக்கு வந்தார்கள். முன்பக்கச் சுவரில் நான் ஃபிரேம், துணிப்பை, கத்தி எல்லாம் மாட்டி வைத்திருப்பேன். ஹார்லன் தன் பழைய ஃபிரேமையும் கொண்டு வந்திருந்தார். அலுமினியக் குழாய், இரண்டு இடத்தில் பற்றவைத்த தழும்பு, கீழே ஒரு மரத்தட்டு. கர்ட்டிஸுக்கு மூன்று வயதாக இருந்தபோது அந்தத் தட்டில்தான் அவனை உட்காரவைத்துக் கட்டிக்கொண்டு ஹார்லன் பெர்ரி பறிக்கப் போவார்.

"இதைக் குப்பையில போடுப்பா, வெளிய தெரிஞ்சா மானம் போகும்" என்றான் கர்ட்டிஸ்.

"உன் மானம் இதுலதாண்டா உட்கார்ந்து வந்துச்சு. வழியெல்லாம் என் முதுகை நனைச்சுக்கிட்டே" என்றார் ஹார்லன்.

நான் சிரித்தேன். அவனும் சிரிக்கத்தான் செய்தான்.

என் கடையில் ஃபிரேமைக் காலியாக மாட்டிப் பார்த்து வாங்க விடமாட்டேன். காலியாக இருந்தால் எல்லா ஃபிரேமும் சுகமாகத்தான் இருக்கும். அதற்கென்றே ஃப்ரீசரில் ஒரு பின்னந்தொடையைத் தார்ப்பாய் சுற்றி வைத்திருக்கிறேன். எல்லாரும் முதுகில் சுமந்து ஊர்வலம் விடுவதால் ஊரில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

"மாப்பிள்ளையைக் கூப்பிடு நெட்டி, பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார் ஹார்லன். நெட்டி நான்தான்.

அவர் கை முதலில் போனது சாதாரண ஃபிரேம் ஒன்றுக்கு. குறுகலானது, கனமில்லாதது, தொடையைக் கட்ட இடமில்லை, முன்னங்கால் ஒன்றைக் கட்டலாம். "ரெண்டு பேர், ரெண்டு முதுகு. சின்ன மூஸ். கரைக்குப் பக்கத்துல. அவசரம் ஒண்ணுமில்ல. கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வருவோம், நடுவுல உட்கார்ந்து காப்பி குடிப்போம். இது போதும்" என்றார்.

கர்ட்டிஸ் அதைப் பிடுங்கித் திரும்ப மாட்டினான். இருப்பதிலேயே பெரியதை எடுத்தான். அகலமான கீழ்த்தட்டு, தடித்த இடுப்புப் பட்டை, மேலே நீண்டு நிற்கும் இரண்டு கம்பிகள். "இதான்ப்பா. நான் வாங்கித் தரேன். உனக்கு நல்லதா ஒண்ணு வாங்கித் தரக் கூடாதா?"

"எதுக்குடா இவ்வளவு பெருசு?"

"இருக்கட்டும்ப்பா." பிறகு என்னிடம் திரும்பி, "சித்தி, இந்தக் கம்பியில பெரிய கொம்பைக் கட்டினா ஆடாம நிக்குமா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக் கறிக்குப் போகிறவன் எங்கள் ஊரில் கொம்பைப் பற்றிக் கேட்கவே மாட்டான். இளம் மூஸின் கொம்பு கோட்டு மாட்டும் கொக்கியாகும், இல்லாவிட்டால் நாய்க்குப் போகும். இவன் ஏன் கேட்கிறான்? வாய் வரை வந்தது. ஹார்லன் அந்தப் பெரிய ஃபிரேமைக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தார். மகன் வாங்கித் தருகிறான். வாயை மூடிக்கொண்டேன்.

கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை முதுகை அளந்து தோளில் மாட்டும் பட்டையை ஏற்றி இறக்குவது என் வேலை. ஹார்லனுக்கு நீண்ட முதுகு. மேல் துளையில் வைத்தேன். "இவனுக்கு அளந்தா கீழ இறக்கணும். ஐலீன் வீட்டு முதுகு, குட்டை" என்றார். எங்கள் வீட்டு முதுகைக் குறை சொன்னால் மாப்பிள்ளையோடு வெளியே தள்ளுவேன் என்றேன்.

தொடையைக் கட்டினோம். ஹார்லன் தரையில் உட்கார்ந்து, தோளை நுழைத்து, முன்னால் சாய்ந்து, ஒரு காலை ஊன்றி எழுந்தார். முழங்கால் சடசடத்தது. எழுந்ததும் தோளில் கிடந்த பட்டைக்கு அடியில் இரண்டு விரலை விட்டுக் காண்பித்தார். கனம் முழுக்க இடுப்பில்தான் இருக்கிறது, தோளில் இல்லை என்று அர்த்தம். கடையை இரண்டு சுற்று சுற்றினார். "நல்லாருக்குடா" என்றார், கண் கலங்கியது. இடுப்பு வலியாலா, மகன் பாசத்தாலா என்று நான் கேட்கவில்லை.

பழைய ஃபிரேமை என் கடைப் பின்சுவரில் மாட்டிவிட்டுப் போனார்.

கிளம்பும் நாள் காலையில் நான் சுட்ட ரொட்டியும் புகைபோட்ட சால்மன் மீனும் எடுத்துக்கொண்டு ஆற்றுத் துறைக்குப் போனேன். மிதவை விமானத்தின் பக்கத்தில் ஹார்லன் ஃபிரேமோடு நின்றார். இன்னொரு ஆளும் நின்றான். தொப்பி முதல் பூட்ஸ் வரை எல்லாம் புதுசு, துப்பாக்கிப் பெட்டி மட்டும் ஒரு சவப்பெட்டி நீளம். டெக்சாஸ்காரன், பெயர் ப்ளேக்.

"கடைசி நேரத்துல சேர்ந்துக்கிட்டார்ப்பா" என்றான் கர்ட்டிஸ், விமானத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி நேரமாம்! கடையில் அன்றைக்கே கொம்பைக் கேட்டவன். தூக்க ஆள் கிடைக்கவில்லை, அப்பா தலையில் கட்டிவிட்டான். "யாரு காதுல பூ சுத்துற?" என்று ஆரம்பித்தேன். ஹார்லன் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"விடு நெட்டி. பையன் தொழில்."

"உன் முழங்கால்?"

"அது எப்பவும் இருக்கிறதுதானே."

பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். புது ஃபிரேமை வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டார். ரொட்டியைக் கொடுக்க மறந்து திரும்ப வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன்.

அங்கே நடந்ததைப் பிறகு ஹார்லனே சொன்னார். மேகம் கவிந்த ஒரு பிற்பகலில், கறி வெட்டும் மேசைக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்காலில் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு சொன்னார். நான் அந்தக் கறியை வெட்டிக்கொண்டே கேட்டேன்.

"பெரிய காளை நெட்டி. கொம்பு கை ரெண்டையும் விரிச்சா பத்தாது. சதுப்புக்கு அந்தாண்ட நின்னுது. நான் சொன்னேன், வேண்டாம், பெட்டை மாதிரி குரல் குடுப்போம், கரைக்குத் தானா வரும், நாளைக்கு வரும்னு. அந்தாளு கர்ட்டிஸைப் பாத்தான்."

"அவன்?"

"தலையை ஆட்டினான். நான் திரும்பிப் பாத்தேன். ஆறு கண்ணுக்கே தெரியல."

மகனுக்குத் தெரியாதா அந்த விதி? அவன் பேச்சுப் பழகிய நாளிலிருந்து கேட்டது. தூக்கப்போவது தன் முதுகு இல்லை என்றால் ஆறு எங்கே இருந்தால் என்ன?

கர்ட்டிஸ் ஒப்புக்கு ஒரு முன்னங்காலைத் தூக்கி வந்திருக்கிறான். அதற்கப்புறம் அவனுக்கு ப்ளேக்குக்குச் சமைக்க வேண்டியிருந்தது, படம் எடுக்க வேண்டியிருந்தது, விஸ்கி ஊற்ற வேண்டியிருந்தது. ஹார்லன்தான் போனார், வந்தார், மறுபடி போனார். சதுப்பில் கால் புதைந்தால் சுமையோடு சாய்ந்து கிடந்து, புல்லைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்.

மறுநாள் வானம் கறுத்தது. மேகம் இறங்கினால் விமானம் எடுக்க முடியாது. ப்ளேக்குக்கு ஊருக்குப் போக அவசரம்.

"கர்ட்டிஸ் வந்து, அடுத்த நடைக்குக் கொம்பைக் கொண்டு வந்துடுப்பான்னான். பின்னந்தொடை ஒண்ணு, விலா ரெண்டு பக்கமும், கழுத்து, எல்லாம் அங்கயே கிடக்கு. கறி முதல்லடான்னேன். யாரு பாக்கப் போறாங்கறான்."

"நீ என்ன சொன்ன?"

"நான் பாக்கிறேனேடான்னேன்."

ஹார்லன் பட்டாணிப் பொட்டலத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"அதுக்கு அவன் சொல்றான், 'இதுக்குத்தானேப்பா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்'னு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். கடைக்காரனிடம் இன்னும் ஒரு கிலோ போடு என்று கேட்பதுபோலச் சொன்னானாம். என் அக்கா இருந்திருந்தால் அவன் கன்னம் பழுத்திருக்கும். நான் இருந்திருந்தாலும்தான்.

ஹார்லன் ஃபிரேமை மாட்டிக்கொண்டு கறிக்குத்தான் போனார், கொம்பைத் தொடவில்லை. கர்ட்டிஸ் ப்ளேக்கை ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டான். வானம் திறந்ததும் வந்து கூட்டிப் போகிறேன், அதற்குள் கறியை முடித்துவிட்டுக் கொம்பைக் கடைசி நடையில் கொண்டு வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கறி வாடைக்குக் கரடி வரும் காடு. கெட்டுப்போன முழங்காலோடு பெற்ற தகப்பனைத் தனியே விட்டுவிட்டு, கொம்பு பத்திரம் என்று சொல்லிப் போகிற பிள்ளை.

"கறியை முடிச்சேன் நெட்டி. பாட்டுப் பாடிக்கிட்டே போனேன், கரடிக்கு நான் வரது தெரியட்டும்னு. பாட்டு தீர்ந்துபோச்சு, ஐலீன்கிட்ட பேச ஆரம்பிச்சுட்டேன். மொத்தமும் கரையில தொங்கவிட்டு மேல தார்ப்பாய் கட்டினேன். கழுத்துக் கறி, நெஞ்சுக் கறி ஒண்ணு விடல."

"தெரியுது. ஒரு ரோமம் இல்ல இதுல."

"அப்புறம் கொம்புக்குப் போனேன். தூக்கத்தான் போனேன், சத்தியமா. கம்பியில வச்சு ஆடாமக் கட்டினேன். தரையில உட்கார்ந்து தோளை நுழைச்சு எழுந்தும் நின்னேன். முடியாம இல்ல. நல்லாவே நின்னேன். ரெண்டு விரலை விட்டுப் பாத்தேன், கனம் எல்லாம் இடுப்புலதான் இருந்துச்சு. அப்பதான் எதுக்குன்னு தோணிச்சு."

மறுபடி உட்கார்ந்து பட்டையைக் கழற்றியிருக்கிறார். கொம்போடு அந்த ஃபிரேமை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, சட்டைப்பைக் கத்தியின் முனையால் தோளில் மாட்டும் பட்டைகளைத் தளர்த்தி, மேல் துளையிலிருந்து கீழ்த் துளைக்கு மாற்றியிருக்கிறார். இடுப்புப் பட்டையையும் இழுத்துச் சுருக்கியிருக்கிறார்.

"அவன் முதுகு எனக்கு மனப்பாடம். அளக்க வேண்டியதில்ல. கொம்பு கடைசியாத்தான் வரணும்னு சட்டம். நான்தான் கொண்டு வரணும்னு எங்க எழுதியிருக்கு?"

விமானம் வந்தபோது கரையில் கறி மட்டும் வரிசையாகத் தொங்கியது. கொம்பு எங்கே என்று கேட்டானாம். "இருந்த இடத்துலயே இருக்கு" என்றாராம். ஃபிரேம் எங்கே என்றானாம். "அதுவும்" என்றாராம். கறியை மட்டும் ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் கறியின் கதையையும் கேளுங்கள். ப்ளேக்குக்கு அது வேண்டாமாம். கொம்பை மட்டும் அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதையெல்லாம் அப்பா வீட்டு ஃப்ரீசரில் அடுக்கச் சொல்லி கர்ட்டிஸ் எனக்குப் போன் செய்தான். "வீட்டுக் கறி ஆச்சுல்ல சித்தி, சொன்னபடி செஞ்சுட்டேன்" என்றான், கொஞ்சமும் கூசாமல். ஹார்லனிடம் சொன்னேன். வேண்டாம், பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்துவிடு என்றார். அந்த வருடம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூஸ் குழம்பாகத் தின்று தீர்த்தார்கள். ஹார்லன் குளிர்காலம் முழுக்கக் கடைக் கோழிதான் சாப்பிட்டார்.

கொம்புக்கு கர்ட்டிஸ்தான் போனான். வேறு வழி? வாடிக்கையாளர் தினமும் போனில் பிடுங்கிக்கொண்டிருந்தான். மழை, சதுப்பில் தண்ணீர் ஏறியிருந்தது. திரும்பி வந்து என் கடை வாசலில் நின்றபோது தொடை வரை சேறு, உதடு நீலம். அந்த ஃபிரேம் கொம்போடு அவன் முதுகிலேயே இருந்தது. கழற்றி மேசையில் வைத்தான்.

"செத்தேன் சித்தி. அவ்வளவு தூரம்னு நெனக்கவே இல்ல" என்றான்.

"உங்கப்பன் நெனச்சாரு" என்றேன்.

அது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஃபிரேமைத் தட்டிக்கொடுத்தான். "ஆனா ஃபிரேம்னா இது ஃபிரேம். ஒரு பட்டையைக்கூட நான் தொடல. மாட்டினேன், அப்படியே வந்து உட்கார்ந்துக்கிச்சு. அளவெடுத்துத் தைச்ச மாதிரி."

"அளவு யாரு வச்சது?"

"கம்பெனியிலேயே அப்படி வச்சுத்தானே அனுப்புவான்?"

கடையில் என் கண்முன்னால், அவன் கண்முன்னால், அவன் அப்பா முதுகுக்கு அளந்து வைத்த ஃபிரேம் அது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் கொம்பின் அகலத்தை அளக்க டேப் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஹார்லன் கோழி வாங்க வந்தார். பின்சுவரிலிருந்து பழைய ஃபிரேமையும் இறக்கிக்கொண்டார், விறகு தூக்க ஆகும் என்றார். கோழிப் பொட்டலத்தை அதன் மரத்தட்டில் வைத்துக் கட்டினார். கிளம்புகிறவர் மாதிரிக் கதவு வரை போய்த் திரும்பி நின்றார்.

"அவன் வந்தானாமே. ஃபிரேமைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

நாற்பது வருடமாக எதையும் மென்று விழுங்காத வாய் என்னுடையது. அன்றைக்கு விழுங்கினேன்.

"நல்லாப் பொருந்துச்சுன்னான்" என்றேன்.

அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பொருந்தும். பொருந்தும்னு எனக்குத் தெரியும்" என்றார். "அப்ப அவனுக்குப் புரிஞ்சிருக்கு இல்ல?"

நான் குனிந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் பதிலுக்குக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.